பெல்ட் வண்டியும் உன் அப்பாவின் பதிலும்

தம்பி,

போன மாதம் வந்திருந்தபோது இரண்டு காரியங்களைச் சொல்லிவிட்டுப் போனாய். அப்பாவின் பைக்கை விற்றுவிட வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பெங்களூருக்கு உன்னோடு வந்துவிட வேண்டும். முதல் காரியம் முடிந்தது. இரண்டாவது நடக்காது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று நீ முடித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் ஜி.எச். லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதிக் கொடுப்போம். அது நல்லதா கெட்டதா என்று சொல்வது எங்கள் வேலை அல்ல. அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன். இதில் எங்காவது நான் அழுததாக உனக்குத் தோன்றினால் அது உன் கற்பனை.

உனக்குத் தெரிந்ததில் இருந்தே தொடங்குகிறேன். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீதான் ஆஸ்பத்திரியில் இருந்தாய். நீ பார்த்தது அந்த நாட்களை. அதற்குப் பின்னால் வந்த நாட்களைப் பார்த்தவள் நான். வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பின. பேச்சு திரும்பவே இல்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "அப்பறம்." தண்ணீர் வேண்டுமென்றால் அப்பறம். மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றால் அப்பறம். பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போதும் அப்பறம். அப்பா ஏதோ கதை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, மூளையில் சொற்கள் எல்லாம் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது என்றார். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எந்த அப்பறம் எதற்கு என்று கண்டுபிடிக்க நான் பழகிக்கொண்டேன். பாதி நேரம் சரியாகக் கண்டுபிடிப்பேன். மீதி நேரம் என் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்துவிடுவேன். அவர் ஏற்றுக்கொள்வார். வேறு என்ன செய்வார்?

அந்த பைக்கைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோழித் தீவன மில்லில் மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் படிந்த சட்டையோடு வீடு வரும் மனிதர், பெங்களூரில் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், கன்றுக்குட்டி கனமிருக்கும் அந்தக் கறுப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றபோது நான் கேட்டைத் திறந்துவிட்டேன். சங்கிலிக்குப் பதிலாக பெல்ட் ஓடும் வண்டி என்பதுதான் அவருக்குப் பெருமை. மில்லில் மோட்டாரில் இருந்து அரவை இயந்திரத்துக்குப் போகும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர். நீ காலேஜில் சேர்ந்த வருடம், அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, சங்கிலிக்குப் போடுவது போல அந்த பெல்ட் முழுவதும் எண்ணெய் விட்டு வைத்தாய். நினைவிருக்கிறதா? திட்டுவார் என்று மொட்டை மாடியில் போய் ஒளிந்துகொண்டாய். அவர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்து, "இது சங்கிலி இல்ல சாமி, இதுக்கு எண்ணெய் ஆகாது. எறங்கி வந்து துணியப் புடி" என்றார். நீயும் இறங்கி வந்தாய். இப்போது உன் ஆபீசில் பலரை வைத்து வேலை வாங்குகிறாய். வீட்டுக்கு வந்தாலும் அதே குரலில் "எல்லாம் சரியாயிடும்ப்பா, நீங்க கவலையே படாதீங்க" என்று அவர் முதுகைத் தட்டுகிறாய். எண்ணெய் ஆகாத இடங்கள் இன்னும் உண்டு என்பதை ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

வண்டி ஒரு வருடம் நின்ற இடத்திலேயே நின்றதில் பின் டயர் வெடித்துப் போயிருந்தது. நீ சொன்னபடி குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பி டயரை மாற்றினேன். கடைக்காரர்கள் பின்சக்கரத்தைக் கழற்றி, புது டயர் போட்டு, மறுபடி பூட்டி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியை வாங்க நீ ஏற்பாடு செய்த ஜாபர் வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் இருக்கும். பரமத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நிறுத்தி, குனிந்து பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்ஜின் அருமையா இருக்குங்க. ஆனா பின்னாடி இருந்து கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்க. பெல்ட் நடுவுல ஓடாம ஒரு ஓரமா ஏறி உரசுது பாருங்க. டயர் மாத்துனவங்க சக்கரத்த நேரா வெச்சுப் பூட்டல போலிருக்கு."

"அப்படிங்களா? எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

"குத்தமா சொல்லலீங்கக்கா. இப்படியே ஓட்டுனா பெல்ட் சீக்கிரம் பிஞ்சு போயிரும். சரி பண்ணிட்டு ஒரு போன் போடுங்க, வந்து எடுத்துக்கறேன்."

அப்பா போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. ஜாபர் போனதும், "அந்த டயர்க் கடைக்கே திருப்பி அனுப்பிச்சுரலாங்க" என்றேன். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். "அப்பறம்! அப்பறம்!" இந்த அப்பறத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்குக் கஷ்டமே இல்லை.

மறுநாள் காலை நான் வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது அவர் ஊன்றுகோலோடு தானாகவே நடந்து வந்து ஸ்பேனர்கள் வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை, யாரும் பிடிக்கவில்லை. நான் அலமாரியைத் திறந்தேன். எது வேண்டுமென்று இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பால் ஊற்ற வந்தவரை வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பின்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டை நான் மிதித்து ஏற்றினேன். பிறகு நாற்காலியைப் பின்சக்கரத்தின் இடப்பக்கம், பெல்ட் இருக்கும் பக்கம் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, நான் மறுபக்கம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமான நாளில் இருந்து நான் அந்த மாதிரி சாமான் எதையும் கையில் தொட்டவள் அல்ல. மைக்ராஸ்கோப்பைத் தொட்ட கை இது.

வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதற்குள்தான் நடந்தது. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் அந்தக் கைகளின் நுனியில் உள்ள நீளமான துளைக்குள் முன்னும் பின்னும் நகரும். பக்கத்துக்கு ஒரு சின்ன போல்ட். அதைத் திருகினால் அந்தப் பக்கம் சக்கரம் பின்னால் போகும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் போய்விட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். பெல்ட் ஓரத்துக்கு ஏறும். அவ்வளவுதான் விஷயம். இதை வாழ்க்கைக்கு உவமையாக எடுத்துக்கொண்டு எனக்குப் பதில் எழுதாதே. சக்கரம் சக்கரம்தான்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்துவதற்கு ஸ்பேனரின் பிடியில் ஒரு பைப்பை மாட்டி என் எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது. அதன்பின் பார்த்தால் எளிதாகத் தெரிந்தது. இரண்டு இரும்புக் கைகளின் மேலும் அளவுகோல் போலக் கோடுகள் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு நேராக வரும்படி போல்ட்டுகளைத் திருகினேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் திருப்தி.

"ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுலதானுங்க நிக்குது. சரியாத்தான் இருக்குது" என்றேன்.

"இல்ல" என்றார்.

எனக்குக் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. லேபில் விசித்திரமான ஒரு அளவு வந்தால் உடனே எழுதமாட்டோம். இன்னொரு முறை பரிசோதிப்போம். அதனால் இன்னொரு முறை கேட்டேன். "சரியாத்தானுங்க இருக்குது?"

"இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தான் ஒரு புதுச் சொல் பேசியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கண்கள் சக்கரத்தின் மேல்தான் இருந்தன. இடது கையால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். பெல்ட் நடுவில் தொடங்கி, மெல்ல நகர்ந்து, விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னது சரி. கோடுகள் பொய் சொல்லியிருந்தன. நான் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் சுவரில் மாட்டியிருந்த என் குடையைக் காட்டிக்கொண்டிருந்தார். மழை வரும் என்கிறாரோ என்று வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகமும் இல்லை. குடையை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து விரித்து, ஒரு கம்பியைப் பிடித்து முறித்துவிட்டார். நல்ல குடை, தம்பி. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா பொருட்படுத்தவே இல்லை. குறட்டால் கம்பியின் ஒரு நுனியை வளைக்கச் சொல்லி விரலை மடக்கிக் காட்டினார். பிறகு என் பேனாவின் பிடியில் இருந்த ரப்பரைக் காட்டினார். அதில் ஒரு வளையம் வெட்டிக் கம்பியில் கோத்தேன். பின்சக்கரத்தின் இரும்புக் கைகள் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு பெரிய போல்ட் இருக்கிறது. அதன் தலையின் நடுவில் ஒரு சிறு குழி. கம்பியின் வளைந்த நுனியை அந்தக் குழியில் வைத்து, ரப்பர் வளையத்தை ஆக்ஸிலின் நடுப்புள்ளிக்கு நேராக நகர்த்த வேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டு போய் மறுபக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்துப் பார்த்தேன். வளையம் ஆக்ஸிலின் நடுவுக்கு ஒரு ரூபாய்க் காசின் தடிமன் அளவு தள்ளி நின்றது. அதுதான் கோணல். கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்குத்தான் பெல்ட் அந்தக் கத்துக் கத்தியது.

அவர் பக்கத்து போல்ட்டை அவரும் என் பக்கத்து போல்ட்டை நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். அவருக்கு வலது கை உதவாததால் ஸ்பேனர் பலமுறை நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து சுற்றி வந்து எடுத்துக் கொடுத்தேன். வெயில் போர்டிகோவுக்குள் வந்து பெல்ட்டின் மேல் விழுந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். பெல்ட் சூடாக இருக்கும்போது அதன் இறுக்கத்தைப் பார்த்தால் தப்பாகக் காட்டும் என்பதைப் பிற்பாடு புரிந்துகொண்டேன். ரத்தம் எடுப்பதற்கு வெறும் வயிறு மாதிரி. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலை இறுக்கம் பார்த்தோம். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. "எவ்வளவுங்க?" என்றேன். அவருக்கு வாயால் சொல்ல வராது, எண்களும் வராது. என் முன்கையைப் பிடித்து இழுத்து, சதைப்பற்றான இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இவ்வளவு. நான் போய் பெல்ட்டை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து கையை நீட்டினேன். மறுபடி அழுத்தினார். இன்னும் கொஞ்சம் குறைவாக. இப்படிப் பலமுறை. எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியும். ஒரு மனிதர் என் கையை இத்தனை கவனமாகத் தொட்டு எதையும் எனக்குச் சொன்னதில்லை. இது தகவலுக்காக எழுதுகிறேன்.

எல்லாம் சரியாக வந்தது என்று ஆக்ஸில் நட்டை இறுக்கினேன். இறுக்கிய வேகத்தில் ஆக்ஸில் கொஞ்சம் நகர்ந்து, சேர்த்து வைத்த அளவு எல்லாம் போய்விட்டது. கம்பியை வைத்துப் பார்த்தால் மறுபடியும் கோணல். எனக்குக் கோபம் வந்தது. உள்ளே சமையல் கிடந்தது, பெங்களூருக்குக் கட்ட வேண்டிய பாத்திரங்கள் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் கூடத்தில் கிடந்தன.

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க இந்தப் பாடு? வாங்கறவரு பாத்துக்கறாரு. போதும், எந்திரிங்க உள்ளார போலாம்" என்றேன்.

"இல்ல."

"எனக்கு இடுப்பு வலிக்குதுங்க."

"இல்ல."

"என்ன இல்ல? எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு நான் சொல்றேன், நீங்க இல்லங்கறீங்க!"

அவர் சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கமாகத்தான் விரிந்தது. நானும் சிரித்திருப்பேன், ஆனால் எரிச்சலாக இருந்ததால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. ஒரு வருடமாக இந்த வீட்டில் சண்டையே இல்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்ல ஆள் இல்லை. சீரியல் சத்தத்தைக் குறை என்று சொல்ல ஆள் இல்லை. நான் வைத்ததுதான் சாப்பாடு, நான் போட்டதுதான் சட்டை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் "உங்க ஊட்டுக்காரரு எவ்வளவு பொறுமைங்க" என்று சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். அது பொறுமை இல்லை, தம்பி. அவருக்கு 'இல்ல' என்கிற சொல் இல்லாமல் போயிருந்தது. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வெளியே போனேன். நட்டைத் தளர்த்தி முதலில் இருந்து ஆரம்பித்தோம்.

மூன்றாம் நாள் காலை, நான் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும்போதே அவர் இடது உள்ளங்கையால் சக்கரத்தை முன்னால் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதனால் ஆக்ஸில் நகரவில்லை. கம்பியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் நடுப்புள்ளியில் உட்கார்ந்தது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் பெல்ட்டை அழுத்திப் பார்க்க வைத்தார். கடைசியில் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டார். பெல்ட் நடுவிலேயே ஓடியது. சத்தம் இல்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நின்றதும் மறுபடி சுற்றினார். நான் காபி போட்டுக்கொண்டு வரும்வரை சுற்றிக்கொண்டேதான் இருந்தார். அவருக்கு அந்த வண்டியை விற்க மனமில்லை என்று நான் முடிவு செய்துகொண்டது அப்போதுதான். ஜாபரிடம் எப்படி மறுத்துச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கூடத் தயார் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாபர் மனைவி பர்வீனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து இறங்கும்போதே, "சத்தமே இல்லீங்கக்கா! கையை விட்டாலும் நேராப் போகுது. எந்த மெக்கானிக்குங்க பாத்தது?" என்று கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன். ஜாபர் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து, "ஐயா, உங்க கையா இது?" என்றார். அப்பா ஊன்றி எழுந்தார். நான் தயார் செய்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சட்டைப் பையில் இருந்து மாற்றுச் சாவியை எடுத்து ஜாபரின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு ஜாபரின் முன்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, பெல்ட்டைக் காட்டினார். ஜாபருக்கு ஒன்றும் புரியவில்லை. "பெல்ட்டு இந்த அளவுதான் அமுங்கோணும்ங்கறாருங்க" என்று நான்தான் விளக்கினேன். ஆக, நான் நினைத்தது தப்பு. வண்டியை வைத்துக்கொள்வதற்காக அவர் பாடுபடவில்லை. கோணலாக அனுப்ப அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். இனி ஓட்ட முடியாது என்பது எனக்கும் உனக்கும் முன்பாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பர்வீன் என்னிடம், "இவ்வளவு நாள் வாசல்ல நின்ன வண்டி. இனிமே ஐயாவுக்கு வெறிச்சுன்னு இருக்குமேக்கா" என்றாள். நல்ல பெண்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாங்களே அடுத்த மாசம் பெங்களூரு போறமுங்க, மகன் ஊட்டுக்கு" என்றேன்.

"இல்ல" என்றார் அப்பா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தம்ளரைக் கீழே வைத்திருந்தார்.

"பெங்களூருங்க. தம்பி ஊட்டுக்கு. போறம்னு சொல்லியிருக்கறமுங்களே?"

"இல்ல." இந்த முறை தலையையும் ஆட்டினார். ஜாபர் தரையைப் பார்த்துக்கொண்டு தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

அவர்கள் போனபின் நான் அவருக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காரணம் கேட்டால் சொல்ல முடியாது. 'இல்ல' என்று பதில் வரக்கூடிய கேள்விகளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அதை நான் அதுவரை ஒரு நாளும் செய்ததில்லை. "தம்பி மேல கோவமுங்களா?" "இல்ல." "மருமக ஏதாச்சும் சொல்லிப்போட்டாளா?" "இல்ல." "மில்லு இங்க இருக்குதுன்னு பாக்கறீங்களா?" கொஞ்சம் யோசித்து, "இல்ல." அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "அங்க நாலாவது மாடி, பேச்சுத் துணைக்கு ஆளிருக்காதுன்னு நெனைக்கிறீங்களா?" இதற்கு மட்டும் 'இல்ல' வரவில்லை. சன்னல் பக்கம் பார்த்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? "அப்படின்னா நான் மட்டும் போயிரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல!" தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"ஒரு வாரம் மட்டும்? மூணு மாசத்துக்கு ஒருக்கா?"

"அப்பறம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். 'காரணமே சொல்லத் தெரியாதவர் சொல்வதைக் கேட்டு நீயும் ஆடுகிறாயே' என்பாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெங்களூர் பிடிக்கும். லிப்ட் பிடிக்கும், உன் வீட்டு வாசலுக்கே வரும் காய்கறி பிடிக்கும், அந்தக் குளிர் பிடிக்கும். இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க இன்னொரு கை இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நீ கேட்டாய், நான் சரி என்றேன். இரண்டு பேரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவரிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. காரணத்தோடு வந்தால்தான் மறுப்புக்கு மதிப்பு என்றால், பேச முடியாத யாருக்கும் இந்த உலகத்தில் ஒரு உரிமையும் மிஞ்சாது. நல்ல காரணமாக நான்கு சொல்லத் தெரிந்த நீயும் நானும் மட்டும் முடிவு செய்துகொண்டே போவோம்.

அதனால் வீட்டுக்கு வருவதாக இருந்த வாடகைக்காரர்களிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டேன். பகலில் ஒத்தாசைக்கு ஒரு ஆள் பார்த்திருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் இடுப்பையும் டாக்டரிடம் காட்டப் போகிறேன். பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா அவருடைய 'இல்ல'வைக் கேட்டுவிட்டு, இதை அடிக்கடி சொல்ல வையுங்கள் என்றார். அதற்கு நான் தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று மட்டும் ரசத்துக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, என் சீரியலுக்கு இரண்டு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ வந்திருந்தபோது மருமகள் சிந்துவிடம் பேசுவதைக் கவனித்தேன். "சனிக்கிழமை கிளம்பிரலாமில்ல?" "அம்மாவுக்கு அந்த ரூம குடுத்தரலாமில்ல?" இப்படித்தான் கேட்கிறாய். நல்ல பிள்ளை, கேட்டுத்தான் செய்கிறாய். ஆனால் அது கேள்வி இல்லை. அதற்கு 'ஆமா' என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். மறுக்க வேண்டுமென்றால் அவள் ஒரு சண்டையைத் தொடங்க வேண்டும். பேச்சு நன்றாக வருகிறவளுக்கே அப்படி. அந்த அறையை எங்களுக்குத் தருவதில் அவளுக்கு என்ன இஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வேறு மாதிரி கேட்டுப் பார். வருகிற பதில் உனக்குப் பிடிக்காமலும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நீ வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய். "அப்பா எப்படி இருக்காரு, சாப்பிட்டாரா, தூங்குனாரா?" என்று என்னிடம் கேட்கிறாய். அந்த நேரத்தில் எல்லாம் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பேச உனக்குப் பயமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தால் என்ன செய்வது என்று நினைக்கிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் எடுத்து அவர் இடது கையில் கொடுத்துவிட்டு உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். திரும்பி வர நேரமாகும்.

அம்மா